எலி நாற்றம்

ஜன்னல் வழியே விழும் பத்து மணி வெயிலில் ரெமிஜியஸின் வலது கால் நீட்டிக் கிடக்கிறது. கட்டைவிரல் இடுக்கிலுள்ள புண்ணில் நர்ஸ் டர்பென்டைனைச் சொட்டுகிறாள். மூச்சு முட்டி ஒவ்வொன்றாய்த் தலை நீட்டும் புழுக்களை இடுக்கியால் இழுத்து எஃகுத் தட்டில் போடுகிறாள். அவை தட்டின் ஓரத்தில் நெளிந்து ஏறி, வழுக்கி விழுகின்றன. "இன்னும் இருக்கு மேடம், கெட்டியா பிடிச்சுக்கோங்க" என்று மகள் லீனாவிடம் கிசுகிசுக்கிறாள். பிடிக்கவே தேவையில்லை. அந்தக் காலின் உணர்வைச் சர்க்கரை எப்போதோ தின்றுவிட்டது. புண்ணைச் சுத்தம் செய்கிறார்கள் என்று மட்டும்தான் லீனா அவரிடம் சொல்லியிருக்கிறாள். மேசைக்கடியில் கம்பளிக் காலுறை கிடக்கிறது. லிங்கராஜபுரத்துக் குளிருக்கென்று நாலு நாள் முன்பு அவளே மாட்டிவிட்டது. அதற்கப்புறம் வீடெல்லாம் எலி செத்த நாற்றம். பீரோவை நகர்த்தினாள், பரணைக் காலி செய்தாள், அவர் படுத்திருந்த கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள், வாளி வாளியாக ஃபினாயில் ஊற்றிக் கழுவினாள். காலுறையை மட்டும் கழற்றிப் பார்க்கவில்லை. சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும் ரெமிஜியஸ் கேட்கிறார்: "லீனா, அந்த எலி கெடச்சுதா?" இடுக்கி ஒரு கணம் நிற்கிறது. "கெடச்சிடுச்சு டாடி." அவர் முகம் மலர்கிறது. "அப்பாடா! எங்க இருந்துச்சு?"