நான்கு பொட்டலங்கள்

அம்மன் காலடிக் கல்லில் இரண்டு பொட்டலம். மருமகள் மடியில் இரண்டு.

மடியில் இருப்பது மாமியார் கட்டியது. கல்லில் இருப்பது அவள் கட்டியது. மாற்றி வைத்தது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அம்மனுக்குத் தெரியுமோ என்னவோ. தெரிந்தால் தெரியட்டும்.

வெள்ளை வந்தால் ஆபரேஷன். சிவப்பு வந்தால் வேண்டாம்.

அவள் புருஷன் சென்னியப்பன் தூணில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பத்துப் படி ஏறியதற்கே அந்தப் பாடு. இந்த மாதத்தைத் தாண்டினால் இதய வால்வு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாமியார் பாவாயம்மாள்தான் பிடிகொடுக்கவில்லை. மாமனார் ஆபரேஷன் மேஜையிலேயே போனவர். கத்தி வைத்த உடம்பு வீடு திரும்பாது என்று மூன்று வாரமாக ஒரே பாட்டு. நேற்று திடீரென்று, அம்மனிடம் பூக்கேட்போம், அவள் சொல்கிறபடி நடப்போம் என்றாள்.

காலையில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தானே பொட்டலம் கட்டினாள். வாழையிலைக்குள் ஒரு பூ, மேலே நார். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் செவ்வரளி. அதுதான் முறை.

முறைப்படி கட்டுகிறவள் எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்?

சந்தேகம் அங்கேதான் பிடித்தது. இரண்டிலும் சிவப்பைத்தான் வைத்திருப்பாள் கிழவி. பழியைச் சாமி தலையில் போட்டுவிட்டு மகனை வீட்டிலேயே வைத்துச் சாகடிக்கப் பார்க்கிறாள்.

மருமகள் மட்டும் இளைத்தவளா? கொல்லையில் அதே வாழை, அதே நார். இரண்டு பொட்டலம், இரண்டிலும் வெள்ளை. மாமியார் கால் கழுவக் கோயில் குழாயடிக்குப் போன நேரத்தில் தட்டில் இருந்ததை எடுத்து மடியில் சொருகினாள். தன்னுடையதை வைத்தாள். கை நடுங்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

சென்னியப்பன் கைகூப்பினான். அவள் மாமியாரைத்தான் பார்த்தாள். முகம் செத்துப்போகும் என்று காத்திருந்தாள்.

பாவாயம்மாள் திடுக்கிடவே இல்லை. திருநீற்றை எடுத்து மகன் நெற்றியில் பூசினாள்.

"அம்மனே சொல்லிப்போட்டா. இனி என்ன கண்ணு பயம்?"

தோற்றவள் பேசுகிற பேச்சா இது?

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோயிலுக்குப் பின்னால் போனாள். ஆள் இல்லை. மடியில் இருந்ததை எடுத்தாள். முதல் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வெள்ளை.

சுருக்கென்றது. முறையாகத்தான் கட்டியிருக்கிறாள் பாவம். முறை தவறியது நான்தான்.

இரண்டாவதை மெல்லப் பிரித்தாள்.

அதுவும் வெள்ளை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆகட்டும் என்று வாய்விட்டுச் சொல்லப் பயந்துபோய் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் ஒளிந்து கட்டியிருக்கிறார்கள். அம்மனிடம் யாரும் கேட்கவே இல்லை.

நான்கு பூ. ஒன்றுகூடச் சிவப்பில்லை.

சொல்லி வைத்தாற்போல.

அவள் தலையைத் திருப்பிக் கோபுரத்தைப் பார்த்தாள். இப்போது சந்தேகம் உள்ளே இருப்பவள் மேலேயே வந்தது.

திரும்பி வந்தபோது பூசாரி யாருக்கோ தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். பிரிக்காத பொட்டலம் கல்லிலேயே கிடந்தது. பாவாயம்மாள் அதை நோக்கி மெல்லக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். பூசாரி அதையும் பிரித்தால் குட்டு உடைந்துவிடும்.

மருமகளைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

அவள் நகர்ந்துபோய்ப் பூசாரி கண்ணை மறைத்தபடி, மாமியாருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் இலை சரசரத்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்கு முதல்முறையாக, அம்மனிடம் கேட்டாள்.