மச்சான் கை படாத கிரிப்

“என் தம்பி கை பட்டாத்தான் இனிமே இந்த வண்டியில ஏறுவேன்” என்று சொல்லிவிட்டு என் மனைவி பஸ்ஸில் சந்தைக்குப் போய்விட்டாள்.

நேற்று ஒரு வளைவில் திரும்பும்போது மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாரின் இடது பக்க ரப்பர் கிரிப் கழன்று என் கையோடு வந்துவிட்டது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. விழவில்லை. ஆனால் பின்னால் இருந்தவள் இறங்கி, வீடு வரை நடந்தே வந்தாள்.

அவள் தம்பி மெக்கானிக். பக்கத்து வீடுதான். ஆனால் எங்களுக்குள் பேச்சு இல்லை.

கடை திறப்பு அன்றைக்கு ரிப்பன் வெட்ட, சொந்த அக்கா புருஷனை விட்டுவிட்டு ஒரு டயர் வியாபாரியின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தவன் அவன். அந்தக் கடைக்கு ராப்பகலாகப் பெயிண்ட் அடிக்க மட்டும் நான் வேண்டியிருந்தது. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் எழுப்பினேன். காற்று வரட்டும் என்று ஓட்டைக் கல் வைத்தேன். அதற்கு மேல் தாராளம் காட்ட மனசு வரவில்லை.

நான் அவன் வாசலை மிதிக்கக் கூடாது. அவள் மறுபடி என் வண்டியில் ஏற வேண்டும். புது கிரிப் ஜோடியும் ஒரு பசை ட்யூபும் வாங்கி வந்து, வண்டி முன்னால் உட்கார்ந்தேன்.

வலது கிரிப் இன்னும் பழசுதான். பிடித்து இழுத்தேன். அசையவில்லை. காலை வண்டியில் முட்டுக் கொடுத்து இழுத்தேன். வண்டிதான் என் மேல் சாய்ந்தது.

“இழுக்காதப்பா” என்று சுவருக்கு அந்தப் பக்கம் மச்சானின் குரல் கேட்டது. “பிளேடால நீளவாக்குல கீறு. அழுத்தாம கீறு. உள்ள பிளாஸ்டிக் குழாய் இருக்கு, அது போச்சுன்னா ஆக்ஸிலேட்டரே போச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு புரிந்தது. லீவு நாளிலும் எவனோ போனில் அவன் உயிரை வாங்குகிறான்.

நல்லதாகப் போயிற்று என்று பிளேடை எடுத்தேன். வாழைத்தண்டு பட்டை மாதிரி உரிந்து வந்தது.

இடது பக்கக் குழாயில் துரு பிடித்திருந்தது. துருவைப் பார்த்தால் பெயிண்டர் கை சும்மா இருக்குமா? உப்புத்தாளால் தேய்த்தேன். பிரைமர் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை முக்கினேன்.

“ஐயா சாமி, பெயிண்ட் கியிண்ட் அடிச்சுத் தொலைக்காதே. அது என்ன ஜன்னல் கம்பியா? அடிச்சா தடிச்சுப்போய் கிரிப் ஏறாது. பெட்ரோல் தொட்டுத் துடைச்சிட்டுக் காயவிடு.”

இந்த யோசனை வர உலகத்தில் இன்னொருவனும் இருக்கிறானா என்று எனக்கு ஆச்சரியம். டப்பாவை மூடிவிட்டுத் துடைத்தேன்.

புது கிரிப்பை எடுத்து வலது பக்கம் மாட்டிப் பார்த்தேன். நுனியே நுழையவில்லை. எண்ணெய் போட்டால் ஏறிவிடும் என்று உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தேன்.

“எண்ணெய் வைக்காதே” என்று மச்சான் அலறினான். “வழுக்கிட்டு மறுபடி கையோட வரும். ரெண்டு கிரிப்பும் பார்க்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஓட்டை பெரிசா இருக்கிறதுதான் வலது பக்கம். கண்ணு எங்கே இருக்கு உனக்கு?”

போனில் இருந்த ஆளை நினைத்துச் சிரிப்பு வந்தது. நன்றாகத் திட்டு வாங்குகிறான். கிரிப்பை மாற்றி வைத்தேன். அளவு சரியாக இருந்தது.

“பசை தடவிட்டு யோசிச்சுக்கிட்டு நிக்காதே. ஒரே மூச்சுல திருகித் தள்ளு. வலது பக்கம் மட்டும் கடைசியில நூல் இடைவெளி விடு. முறுக்கி விட்டா சடக்குன்னு தானா திரும்பணும். திரும்பலைன்னா வண்டி நிக்காது.”

பசை தடவி இரண்டு கிரிப்பையும் திருகித் தள்ளினேன். பிறகு குரல் இறங்கி வந்தது.

“பின்னாடி ஒரு பொம்பளை உன்னை நம்பி உக்காந்து வருது. அதை நினைச்சுச் செய்.”

வலது கிரிப்பை முறுக்கி விட்டேன். திரும்பவில்லை. ஒட்டிப் போவதற்குள் இழுத்து, நூல் இடைவெளி விட்டு, மறுபடி முறுக்கினேன். சடக்கென்று திரும்பியது.

“அப்பாடா” என்றான் மச்சான். போன்காரனும் ஒரு வழியாக முடித்துவிட்டான் போலிருக்கிறது.

மத்தியானம் மனைவி வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே இரண்டு கிரிப்பையும் பிடித்து இழுத்தாள், திருகினாள். அசையவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டாள். சடக்.

“பரவாயில்லையே. தம்பிகிட்ட போனீங்களா?”

“நான் ஏன் போறேன்? அவன் நிழல்கூட இதுமேல விழலை. சாயங்காலம் ஏறி உக்காரு, ஒரு ரவுண்டு போகலாம்.”

“சத்தியமா நீங்களா செஞ்சீங்க?”

அவளிடம் மறைப்பானேன். “ஒரு மரமண்டைக்கு உன் தம்பி போன்ல பாடம் நடத்திட்டு இருந்தான். தொண்டை கிழியக் கத்தினான், பாவம். நான் இங்கே இருந்தே ஓசியில கத்துக்கிட்டேன். அவனுக்குத் தெரிஞ்சா வயிறு எரிஞ்சே போயிடுவான்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பைக்குள் கைவிட்டு, காய்களை ஒதுக்கி, ஒரு போனை எடுத்தாள்.

“கண்ணாடி உடைஞ்சு மூணு நாளா ரிப்பேர் கடையில கிடந்த அவன் போனை, இப்பத்தானேங்க நான் வாங்கிட்டு வர்றேன்.”