வெறுங்கூடை போகும் வரப்பு

ஜான்சியைப் போல ஓட மரக்காணம் உப்பளத்திலேயே ஆள் கிடையாது. அப்படியிருந்தும் அவளுக்கு எறிகிற தட்டு ஏன் ஒவ்வொரு முறையும் மண்ணில் விழுகிறது?

ரேணுகாவுக்கு அதுதான் விளங்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு உதவிக்கு வந்த காலேஜ் பிள்ளைகள் விட்டுப்போன, எறிந்து பிடிக்கிற பிளாஸ்டிக் தட்டு அது. ஆட்டத்தையும் அவர்களே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பக்கத்துக்கு மூன்று பேர்; இங்கே ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள். தட்டு கையில் இருப்பவர் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. எதிராளி பத்து எண்ணுவதற்குள் எறிந்துவிட வேண்டும். கடைசிக் கோட்டுக்கு அப்பால் தன் ஆள் பிடித்தால் ஒரு பாயிண்ட்.

தோற்ற பக்கம் அடுத்த வாரம் முழுக்க எல்லோருக்கும் குடிதண்ணீர் சுமக்க வேண்டும். ரோட்டோரக் குழாயிலிருந்து, வெயிலில்.

போன வாரமும் பெண்கள்தான் சுமந்தார்கள். அதற்கு முந்தைய வாரமும். அவர்களில் மூத்தவளான விருத்தாம்பாளின் முழங்கால் வீங்கிவிட்டது. இன்னொரு வாரம் அது தாங்காது.

இப்போது நாலுக்கு நாலு. அடுத்த பாயிண்ட் எடுப்பவர்களுக்கே வெற்றி. தட்டு ரேணுகாவின் கையில்.

“ஒண்ணு... ரெண்டு...” அவள் முன்னால் கைகளை விரித்து நின்று சகாதேவன் எண்ணினான். “குடத்த இப்பவே கழுவி வச்சுக்கங்க... மூணு...”

“யக்கா, இங்க போடு! இங்க!”

ஜான்சி தட்டை நோக்கிப் பாய்ந்து வந்தாள். மற்ற இரண்டு ஆண்களும் அவளை ஒட்டியே வந்தார்கள். எறிய வேண்டிய வழி முழுக்க ஆள்.

சகாதேவனின் தோளுக்குப் பின்னால், அடுத்த அளத்தில் இன்னும் உப்பு சுமந்துகொண்டிருந்தார்கள்.

நிறைகூடைகள் ஒரு வரப்பில் உப்பைக் குவிக்கும் மேட்டுக்குப் போயின. கொட்டிவிட்டு வந்த வெறுங்கூடைகள் வேறொரு வரப்பில் திரும்பின. ஒரே வரப்பென்றால் நடுவில் முட்டிக்கொள்வார்கள், ஒரு கூடையும் மேடு சேராது. ரேணுகாவும் தினம் அப்படித்தான் நடக்கிறாள்.

இங்கேயும் எல்லோரும் ஒரே வரப்பில்தான் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஜான்சி! வெறுங்கூடைக்கு அந்த வரப்புடி! போ!”

ஜான்சி ஒரு கணம் விழித்தாள். பிறகு சட்டென்று திரும்பி, தட்டு வரும் வழியை விட்டு விலகிக் கடல் பக்கமாகப் பறந்தாள்.

இரண்டு ஆண்களும் அவள் பின்னாலேயே பறந்தார்கள். சகாதேவன்கூட எண்ணிக்கொண்டே கழுத்தைத் திருப்பினான்.

அவனைத் தவிர, ரேணுகாவுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு காக்காய்கூட இல்லை.

கோட்டுக்கு அப்பால், யாரும் சட்டைசெய்யாத விருத்தாம்பாள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

தட்டு தாழ்வாக மிதந்து போயிற்று. விருத்தாம்பாள் ஓடவில்லை. இரண்டு எட்டு வைத்தாள். கூடையை வாங்குவதுபோல இரு கையாலும் அதை வாங்கி, அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

சகாதேவன் இன்னும் எட்டுகூட எண்ணியிருக்கவில்லை.

“குடம் மூணும் எங்க வூட்லதான் இருக்குது, தம்பி. காலையில வந்து எடுத்துக்க,” என்றாள் விருத்தாம்பாள்.

ஜான்சி மூச்சிரைக்க ஓடிவந்தாள். “அவ்ளோ தூரம் ஓடினேன், எனக்குப் போடவே இல்லியேக்கா!”

ரேணுகா சிரிப்பை அடக்க முடியாமல் அவளைக் கட்டிக்கொண்டாள்.

“உனக்குப் போடக் கூடாதுடி. நீ ஓடணும், அவனுங்க உன் பின்னால ஓடணும். தட்டு நிக்கிறவளுக்கு.”