நான்கு குச்சிகளுக்குள்
ஓடைக்கரைப் புல்வெளியை ஒட்ட அறுத்தாகிவிட்டது. நடுவில் மட்டும், நான்கு குச்சிகளுக்குள், ஒரு புல்திட்டு நிற்கிறது. ஃப்ரீஸ்லாந்தில் வசந்தம் வந்தால் பறவைக் கூடுகளைத் தேடி, அறுப்பு வண்டி ஏறாதபடி சுற்றிலும் குச்சி நடுகிறவர்களில் வைட்ஸ்கேயும் ஒருத்தி. மண்டியிட்டுப் பார்க்கிறாள்: நேற்றுப் பொரிந்த ஆள்காட்டிக் குஞ்சுகள். டிராக்டரிலிருந்து பண்ணைக்காரன் டூர்க் கத்துகிறான்: "உன் குச்சிய உரசக்கூட இல்ல, பாத்தியா? கேக் வாங்கிட்டு வா!" அவள் சிரித்தபடி மண்ணில் விரலை அழுத்துகிறாள். விரல் இறங்கவில்லை. ஈர மண்ணில்தான் குஞ்சுகளுக்கு இரை. திரும்பி ஓடையைப் பார்க்கிறாள். வற்றிய சேற்றுக் குழியில் சிறு மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் துடிக்கின்றன. அவற்றின் வயிறுகளில் வெயில் மின்னுகிறது.

"தண்ணியத் தேக்குற மதகுப் பலகையத் தூக்கிட்டியா, டூர்க்?"

"பின்னே? ஈரத்துல வண்டி வழுக்கிக் கூட்டு மேலயே ஏறிட்டா? இதுங்களுக்காகத்தான் போன மாசமே தூக்கினேன்."

"திரும்பப் போட்டுடேன்."

"போடலாம். தேங்குறதுக்குத் தண்ணி எங்க இருக்கு? மழை பெஞ்சாத்தான்."

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. குஞ்சு ஒன்று தள்ளாடி வெளியே வந்து தரையைக் கொத்துகிறது, அலகு வழுக்குகிறது, மறுபடி கொத்துகிறது. டூர்க் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வருகிறான். குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து குச்சிகளைச் சுற்றி ஊற்றுகிறான். தண்ணீர் மண்ணின் வெடிப்புகளுக்குள் ஓடி மறைகிறது.