குடைப் பிரிவுக்கு மாற்றம்

"நாளையிலேர்ந்து நீ குடைப் பிரிவு. கீழ்த்தளம்."

இஸ்திரி மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். அந்தப் பெரிய கடையின் மூன்றாம் மாடிக்கு அவர்தான் மேற்பார்வை. உடையிலும் சரி, பேச்சிலும் சரி, ஒரு சுருக்கம் இருக்காது. அதனால் வந்த பெயர்.

கண்ணாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அழகுசாதனப் பிரிவில் விற்பனைப் பெண். முகம் பளபளவென்று இருந்த காலத்தில் வைத்த பட்டப்பெயர் அது.

"குடையா! நான் என்ன தப்பு பண்ணினேன் மேடம்?"

"மூஞ்சியைப் பாத்தியா?"

பார்த்திருந்தாள். 

மற்ற கடைகளில் க்ரீமைப் புறங்கையில் பூசிக் காட்டுவார்கள். இவள்தான் ஒருநாள், நம்பாமல் உதட்டைப் பிதுக்கிய ஒருவருக்காகத் தன் கன்னத்திலேயே பூசிக் காட்டினாள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. முதலாளி அதையே சட்டமாக்கிவிட்டார். அப்புறம் காலையில் தோல் உரிக்கும் திரவம், மதியம் சீரம், சாயங்காலம் சொரசொரவென்று ஒரு ஸ்க்ரப். கன்னம் இரண்டு, கேட்பவர்கள் இருபது.

முதலில் மூக்கோரம் செதில் செதிலாக உரிந்தது. பிறகு, முகம் கழுவினால் தோல், அளவு சிறுத்த சட்டை மாதிரி இழுத்துப் பிடித்தது. இப்போது வெறும் தண்ணீர் பட்டாலே மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிந்து சிவக்கிறது. அவளும் சும்மா இருக்கவில்லை. எரிச்சலுக்கென்று இன்னும் மூன்று க்ரீம் பூசினாள்.

அந்தச் சிவப்பையும் அவள் வீணாக்கவில்லை.

"பாருங்கக்கா, பூசின உடனே என்ன நிறம்!"

நேற்று ஒரு அம்மாள் மட்டும், "இந்த நிறம் எனக்குக் கோபம் வந்தாலே வந்துடும்மா, இதுக்குக் காசு வேறயா?" என்று நடையைக் கட்டிவிட்டார்.

மேடம் மருந்துக்கடை டப்பா ஒன்றை மேஜையில் தள்ளினார். மணமும் இல்லாத, நிறமும் இல்லாத, கெட்டியான க்ரீம்.

"தோல் டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். தோலுக்கு மேல ஒரு வேலி இருக்காம். நீ அதைத் தேய்ச்சே பிடுங்கிட்டே. சூடில்லாம வெதுவெதுப்பான தண்ணியில கழுவு. துடைக்காதே, ஒத்தி எடு. ஈரம் காயறதுக்குள்ள இதைப் பூசு. வெயில்ல அலையாதே. நாலு வாரமாவது ஆகும். வேற எதையாவது மூஞ்சில தொட்டே, உனக்கு இந்தக் கடையில வேலை கிடையாது. போ."

நாலு வாரத்துக்கு அப்புறம் தன் இடம் தனக்குக் கிடைக்குமா? அதைப் பற்றி மேடம் மூச்சுவிடவில்லை.

குடைப் பிரிவில் இருந்த அண்ணன் நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

"உக்காரும்மா. இங்க யாரும் உன் மூஞ்சியப் பாக்கமாட்டாங்க. விரிச்சது மூடுதா, அது ஒண்ணுதான் கேள்வி."

"நான் மறுபடி மேல போவேன்ல அண்ணே?"

அண்ணன் ஒரு குடையை விரித்து அதற்குள் குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு விஷயமே தெரியாதா? உன் இடத்துக்கு மேடத்தோட அக்கா பொண்ணு வருதாம். மேடம் முதலாளிகிட்ட சொன்னதை என் காதால கேட்டேன்."

"அப்படிப் போடுங்க! நானும் என்னடா இவ்வளவு கரிசனம்னு பாத்தேன்!"

அன்றிலிருந்து அவள் மூன்றாம் மாடிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் டப்பாவை மட்டும் விடவில்லை. முகம் சரியாகிவிட்டால் மேடம் என்ன சாக்குச் சொல்வாராம், பார்த்துவிடலாம்! வீம்புக்காகவே ஒத்தி எடுத்தாள். வீம்புக்காகவே பூசினாள். வேறு எதையாவது பூசக் கை துறுதுறுத்தபோதெல்லாம் ஒரு குடையை விரித்து மூடினாள்.

மெல்லத் தோல் அடங்கியது. ஒரு காலையில் முகம் கழுவும்போது, தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது.

நாலாவது வாரம் முடிந்ததும் மாடி ஏறினாள். படிக்குப் படி ஒரு கேள்வியைத் தீட்டிக்கொண்டே போனாள்.

அங்கே ஒரு பெண்மணி, "சும்மா சொன்னா எப்படி? மூஞ்சில பூசிக் காட்டுங்க" என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

மேஜைக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்றவள் ஒரு பாட்டிலைத் திறந்து கன்னத்தில் பூசிக்கொண்டு, "ஸ்ஸ்" என்று திரும்பினாள்.

இஸ்திரி மேடம்!

கன்னம் இரண்டும் தணல். மூக்கோரம் செதில் செதிலாக உரிந்திருந்தது. முகம் முழுக்கச் சுருக்கம்.

தீட்டி வைத்திருந்த கேள்வியெல்லாம் கண்ணாடிக்கு மறந்துபோனது. வந்த பெண்மணியின் கையைப் பிடித்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தாள்.

"உங்க தோலுக்கு ஒத்துக்குதான்னு உங்க தோல்லதானேக்கா பாக்கணும்? ஒருநாள் பாத்துட்டு அப்புறம் வாங்க."

அந்தப் பெண்மணி மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே போனார்.

"வியாபாரத்தைக் கெடுத்தியே" என்றார் மேடம்.

"உங்க அக்கா பொண்ணு எங்க மேடம்?"

"எனக்கு அக்காவே கிடையாதுடி."

மேடம் எரியும் கன்னத்தைக் கையால் விசிறிக்கொண்டார்.

"முதலாளி வேற ஆள் போடறேன்னு குதிச்சாரு. போட்டா உனக்கு ஏது இடம்? அதான் அக்கா பொண்ணு வருதுன்னு வாயில வந்ததைச் சொல்லி வெச்சுட்டு நானே நின்னுட்டேன். அவரு என்ன மாடி ஏறியா பாக்கப்போறாரு?"

 கண்ணாடி பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் தள்ளினாள். பாதி மிச்சமிருந்தது.

"நாளையிலேர்ந்து நீங்க குடைப் பிரிவு. ஒத்தி எடுக்கணும். ஈரம் காயறதுக்குள்ள பூசணும். வேற எதையாவது மூஞ்சில தொட்டீங்க, உங்களுக்கு இந்தக் கடையில வேலை கிடையாது. போங்க!"