புது டாக்டருக்கு நாற்காலி

"டாக்டர், இவருக்கு ஊசி எப்போ போடுவீங்க?" என்று கேட்ட நோயாளியின் மனைவியிடம், அவன் தன் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தான்.

"நான் டாக்டர் இல்லைம்மா, நர்ஸ். ஆம்பளைன்னா டாக்டர், பொம்பளைன்னா சிஸ்டர்னு நீங்களா முடிவு பண்ணிக்கிறதா?"

"அப்போ உங்களை சிஸ்டர்னு கூப்பிடலாமா தம்பி?" என்றார் படுக்கையில் கிடந்த கணவர். வார்டே சிரித்தது.

அவன் கண்டுகொள்ளவில்லை. புது டாக்டரும் புது நர்ஸும் வேலையில் சேரும் நாள் அது. ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றல் கேட்டிருந்தான். அந்தப் புது டாக்டர் மனது வைத்தால்தான் கிடைக்கும்.

வெள்ளைக் கோட்டில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உள்ளே வந்தார்கள். அவன் பாய்ந்து போய் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து, ஆணை உட்கார வைத்தான்.

"சிஸ்டர், அந்த அலமாரில பெட்ஷீட் இருக்கும். ரெண்டு எடுத்துட்டு வந்துடுங்க."

அந்தப் பெண் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனாள்.

வார்டு நிலவரத்தையும் இடையிடையே தன் அருமை பெருமையையும் அவன் மூச்சு விடாமல் ஒப்பித்தான். உட்கார்ந்திருந்தவர் வாயைத் திறந்தபோதெல்லாம், "நீங்க ரெஸ்ட் எடுங்க டாக்டர்" என்று அடக்கினான். கடைசியில் அவர் நெளிந்துகொண்டே எழுந்தார்.

"அண்ணே, நான்தான் புது நர்ஸ். நீங்க பெட்ஷீட் எடுக்க அனுப்புனீங்களே, அவங்கதான் டாக்டர்."

அதற்குள் டாக்டர் பெட்ஷீட்டுகளோடு வந்து நின்றார். முகத்தில் கோபமே இல்லை.

"எந்த பெட்டுல விரிக்கணும், டாக்டர்?" என்று அவனிடம் கேட்டார்.