எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டி

“என் பேரை எடுத்துடுங்க சார்.”

போகிற இடத்தில் கொடுத்ததை வாங்கிக்கொள், வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே என்று அப்பா பஸ் ஏற்றிவிடும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதையே அவள் சொல்லிவிட்டாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். மேசைமேல் கட்டுரையின் கடைசிப் பிரதி. தலைப்பின்கீழ் மூன்று பெயர்கள், மூன்றாவது அவளுடையது. அவள் வீட்டில் கல்யாணப் பத்திரிகை தவிர வேறெதிலும் யார் பெயரும் அச்சேறியதில்லை.

முதல் பெயர் மேதையுடையது. ஆய்வறையில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது.

பலகையில் அவன் கண்டுபிடித்த எண். இருநூற்றுப் பதினொரு இலக்கம், ஒன்பது வரி, சுற்றிலும் கட்டம், ‘அழிக்காதீர்கள்’. ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண் என்பது அவன் வாதம். அறையின் ப்ரோகிராம் வைத்த பன்னிரண்டு சோதனையிலும் தேறியிருந்தது. பன்னிரண்டில் தேறிய எண்ணை அங்கே யாரும் மறுபடி தொட மாட்டார்கள். கட்டுரை முழுக்க அந்த ஒரே எண்ணின்மேல்தான் நின்றது.

நான்கு மாதமாக அவளுக்கு வயிறு எரிந்தது.

மேதையின் தாத்தாவே கணக்கு வாத்தியார். அவன் தும்மினால் பேராசிரியர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். அவள் சந்தேகம் கேட்டால், “அவன்கிட்ட கேட்டுக்கோம்மா.”

“முதல் பேரு வேணுமாம் மேடத்துக்கு,” என்று மேதை நாற்காலியைச் சுழற்றினான்.

பேராசிரியர் பெருமூச்சு விட்டார். “பொறாமைம்மா இது. கண்ணை மறைக்கும்.”

பொறாமைதான். அதை அவள் மறுக்கவில்லை.

கண்ணைத்தான் மறைக்கவில்லை. அந்த எண்ணைக் கொண்டாடிய ஒருவருக்கும் அதன்மேல் சந்தேகம் வரவில்லை. அவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. பஸ்ஸிலும், சாப்பாட்டு வரிசையிலும், துணி துவைக்கும்போதும் அதை எப்படி உடைக்கலாம் என்றே யோசித்தாள். யோசித்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துத் தோற்றாள்.

இன்று காலை, வேறெதுவும் தோன்றாமல், எட்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தாள்.

மிச்சமே இல்லாமல் முழு எண்ணாக வந்தது.

அப்படி வருகிற எந்தப் பெரிய எண்ணும் பகா எண்ணாக இருக்க முடியாது. இரண்டாகப் பிளந்துவிடும். பிளந்த இரண்டும் அவள் கைப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், மடித்த தாளில் இருந்தன.

பேராசிரியர் அவள் பெயரை ஒரே கோட்டில் அடித்தார். “காரணத்தையாவது சொல்லிட்டுப் போ.”

“வெள்ளிக்கிழமை சொல்றேன் சார்.”

வெளியே வந்து கதவைத் தானே சாத்தினாள். கதவில் வெள்ளிக்கிழமை கூட்டத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மேதையின் உரை ஐம்பது நிமிடம், கேள்விகளுக்குப் பத்து நிமிடம். கேள்வி கேட்க விரும்புவோர் கீழே பெயரை எழுதவும்.

காலையிலேயே எழுதியிருந்தாள். முதல் பெயர்.